உதைக்குமா?

எங்கள் வீட்டு ஆண்கள் எல்லாரும் துப்பாக்கி பிடித்தவர்கள். மாமனார் பட்டாளம், கொழுந்தன் போலீஸ், வீட்டுக்காரர் பட்டாளத்தில் அவில்தாராக இருந்து ஓய்வு பெற்றவர். நான் கையாண்ட பெரிய ஆயுதம் அரிவாள்மனை. போன வருஷம் சேத்தூர் ரோட்டில் ஸ்கூட்டியோடு விழுந்து வலது மணிக்கட்டை முறித்துக்கொண்ட பிறகு அதையும் பிடுங்கிவிட்டார்கள்.

பிடுங்கியது வீட்டுக்காரர்தான். எனக்கு ராஜபாளையத்தில் ஒரு பேண்டேஜ் கம்பெனி ஆபீசில் வேலை. உங்க கம்பெனித் துணியிலதான் கட்டுப் போட்டாங்களா என்று கேட்காத ஆள் இல்லை. கட்டுப் பிரித்து, வேலைக்கும் திரும்பிவிட்டேன். ஆனாலும் தண்ணீர்க் குடத்தை அவர்தான் தூக்கினார், ஊறுகாய் பாட்டிலை அவர்தான் திறந்தார். நான் காய்கறிப் பையைத் தொட்டால் போதும், "விடு விடு" என்று ஓடி வருவார். அன்புதான், இல்லை என்று சொல்லவில்லை. ஆனால் கை இருந்தும் இல்லாதவளாகிவிடுவேனோ என்று எனக்குப் பயமாக இருந்தது.

கைக்குப் பயிற்சி கொடுக்கிற டாக்டர், பிடித்த வேலையாகப் பார்த்துக் கையைப் பழக்கச் சொன்னார். ஸ்ரீவில்லிபுத்தூர் போகிற ரோட்டில் பழைய பஞ்சு குடோன் ஒன்றைத் துப்பாக்கி சுடும் கிளப்பாக மாற்றியிருந்தார்கள். பஸ்ஸில் போகும்போதெல்லாம் அந்த போர்டைப் பார்ப்பேன். அதைச் சொன்னேன். டாக்டர் என் மணிக்கட்டைத் திருப்பிப் பார்த்துவிட்டு, லேசானதாகவும் சுடும்போது கையைப் பின்னால் உதைக்காததாகவும் இருந்தால் சரி என்றார்.

"துப்பாக்கி சுடப் போறேன்" என்று வீட்டில் அறிவித்தேன்.

வீட்டுக்காரர் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். "யாரை?" என்றார்.

பிறகு அவரும் கூடவே வந்தார். துப்பாக்கி பார்த்து வாங்குவதைப் பொம்பளையிடம் விட முடியாதாம். கிளப்பில் பயிற்சி கொடுப்பது ஒரு பெண், முப்பது வயதுக்குள் இருக்கும். ஒற்றைக் கையால் பிடித்துச் சுடும் காற்றுத் துப்பாக்கிகள் இரண்டை மேஜையில் வைத்தாள். ஒன்று கனமானது. இன்னொன்று புதிதாகப் பழகும் பிள்ளைகளுக்கானது, லேசானது. வீட்டுக்காரர் இரண்டையும் சுற்றி வந்தார். "உதைக்குமா?" என்றார். பால்மாடு வாங்கப் போனபோதும் இதே கேள்வியை இதே முகத்தோடுதான் கேட்டார்.

"ஏட்டி, கனமானதை எடு" என்று எனக்கு உத்தரவு வந்தது. "லேசானதுதான் பேய் மாதிரி ஒதைக்கும். நான் பாக்காத துப்பாக்கியா?"

"நீங்க சொல்லுதது ரவை போட்டுச் சுடுததுக்குச் சரிதான் அண்ணாச்சி" என்றாள் அந்தப் பெண். "இது வெறும் காத்து. ஒதையே கிடையாது. அக்கா கை நடுங்காம எதைத் தூக்கி நிறுத்துதாவளோ அதான் அவியளுக்கு."

கனமானதைத் தூக்கினேன். முனை தானாகவே தரையைப் பார்த்தது. லேசானதைத் தூக்கினேன், நின்றது. அதன் பிடி பெரிதாக இருந்ததால், வளையல்காரி மாதிரி ஒவ்வொன்றாக மாட்டிப் பார்த்து என் கைக்கு அடங்கும் பிடி ஒன்றைப் பொருத்திக் கொடுத்தாள். பிள்ளைகள் துப்பாக்கி என்பதில் எனக்குக் கொஞ்சம் மானக்கேடுதான். அதையே எடுத்துக்கொண்டேன்.

முதல் குண்டு எங்கே போனதென்று தெரியவில்லை. அடுத்தது எதிரே மாட்டியிருந்த குறி அட்டையின் ஓரத்தில் பட்டது. செத்த நேரம் கழித்து ஒன்று கறுப்பு வட்டத்துக்குள் போய் உட்கார்ந்தது. மணிக்கட்டு வலிக்கவில்லை. வலிக்குமென்று காத்திருந்ததால் எனக்கே ஏமாற்றம் மாதிரி இருந்தது. பொறவுதான் சந்தோஷம் வந்தது.

"இங்கன குடு" என்று வீட்டுக்காரர் வாங்கினார். காலை அகட்டி, பல்லைக் கடித்து, எல்லைக்கே போய் நிற்பவர்போல நின்று சுட்டார். சோடா பாட்டில் திறந்த சத்தம். குண்டு அட்டைக்குக் கீழே பலகையில் பட்டது. மறுபடி சுட்டார், மறுபடியும் பலகை.

"அண்ணாச்சி, ஒதை வரும்னு நெனச்சு முன்கூட்டியே கையை அமுக்குதீங்க" என்றாள் அந்தப் பெண். "அதான் கீழ போவுது."

அவர் துப்பாக்கியைப் பார்த்தார், பிறகு என் மணிக்கட்டைப் பார்த்தார். "பழகிப்போச்சும்மா" என்றார் அந்தப் பெண்ணிடம். அவர் குரல் அவ்வளவு தணிந்து நான் கேட்டதில்லை. ஸ்கூட்டி விழுந்த அன்றைக்கு என் பின்சீட்டில் உட்கார்ந்திருந்தவர் அவர்தான். அவருக்கு ஒரு கீறல்கூட இல்லை.

பணம் கட்டியதும் துப்பாக்கியைப் பெட்டியில் வைத்துத் தந்தார்கள். வலது கையால் தூக்கினேன். "விடு விடு" என்று வந்தார்.

"ஒதைக்காது. நீங்க விடுங்க" என்றேன்.

விட்டுவிட்டார். பஸ் ஸ்டாப் வரைக்கும் பெட்டியை நானே சுமந்தேன். அவர் என் வலது பக்கமாகவே நடந்து வந்தார். குனிந்து பார்த்தேன். பெட்டிக்குக் கீழே, அதைத் தொடாமல், அவர் கை விரிந்தபடி கூடவே வந்துகொண்டிருந்தது.