கண்ணாடியில் ஆள் இருக்கிறாரா?

கர்நாடக மலைப்பாதை ஒன்றில் ஈர இலையில் சறுக்கி, காப்பித் தோட்டத்து ஓடைக்குள் மோட்டார் சைக்கிளோடு விழுந்து கிடந்தேன். காரை எலும்பு முறிந்தது கூடப் பரவாயில்லை. கூட வந்த மூன்று பேரும் நான் இல்லாததே தெரியாமல் முன்னால் போய், ஓட்டலில் உட்கார்ந்து, நாலு தோசை சொல்லி, நாலாவது தட்டுக்கு ஆளைக் காணோமே என்று அப்போதுதான் என்னை நினைத்தார்கள் பாருங்கள், அதுதான் இன்றைக்கும் வயிற்றெரிச்சல். மூன்று தட்டையும் காலி செய்துவிட்டுத்தான் தேடி வந்தார்கள் என்று எனக்கு ஒரு சந்தேகம் உண்டு. கேட்டால் சத்தியம் பண்ணுகிறார்கள்.

எலும்பு கூடி வீட்டுக்கு வந்ததும் மனைவி வண்டிச் சாவியை வாங்கி பீரோவுக்குள் வைத்துவிட்டாள். அடுத்து குஜராத் போய் கட்ச் பாலைவனத்தில் வெள்ளை வெளேரென்று கிடக்கும் உப்பைப் பார்க்க வேண்டும் என்று நான் ஏங்கிக்கொண்டிருந்த நேரம்.

"உப்பைப் பாக்க அம்புட்டுத் தூரம் எதுக்கு? தூத்துக்குடிக்கு பஸ்ல போயிட்டு வாங்க" என்றாள். நான் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டதைப் பார்த்து இறங்கி வந்தாள். "விழுந்தா திரும்பி வந்து தேடுத ஆளா ஒருத்தரைப் பாருங்க. அப்புறம் சாவி தாரேன்."

ஆள் எடுக்கும் படலம் அன்று தொடங்கியது. தேர்வு நாளில் மட்டும் காலையில் சாவி வெளியே வரும். சாயங்காலம் மறுபடி பீரோவுக்குள் போய்விடும்.

தேர்வு மிகவும் எளியது. திருநெல்வேலியிலிருந்து பாபநாசம் வரைக்கும் போகிறோம் என்று சொல்லி, வருகிறவரை முன்னால் விட்டு நான் பின்னால் போவேன். சேரன்மகாதேவி தாண்டியதும் ஒரு டீக்கடையில் நைசாக ஒதுங்கி, வண்டியை வாழைத்தார்களுக்குப் பின்னால் மறைத்து நிறுத்திவிடுவேன். முன்னால் போகிறவர் கண்ணாடியில் பார்க்க வேண்டும், ஆளைக் காணோம் என்று உணர வேண்டும், திரும்பி வர வேண்டும். அவ்வளவுதான். இதை எவரிடமும் முன்கூட்டிச் சொல்வதில்லை.

முதலில் வந்தவர் வங்கி அதிகாரி. முழங்காலுக்குக் கவசம், முதுகுக்குக் கவசம், தலைக்கவசத்தின் உச்சியில் கேமரா. போருக்குப் போகிறவர் மாதிரி இருந்தார். நான் ஒதுங்கியது தெரியாமல் வீரவநல்லூர், கல்லிடைக்குறிச்சி, அம்பை எல்லாம் தாண்டி பாபநாசம் போய், ஆற்றில் குளித்துத் தலையும் துவட்டிய பிறகு போன் போட்டார். "எங்கவே இருக்கீரு? இட்லி ஆறுது!" மறுபடியும் சாப்பாடு. அந்த அழைப்பிலேயே அவரைக் கழித்துக் கட்டினேன்.

அடுத்தவர் டவுனில் இரும்புக்கடை வைத்திருக்கும் அண்ணாச்சி. உடனே திரும்பி வந்துவிட்டார், அதைச் சொல்லத்தான் வேண்டும். ஆனால் வந்ததோ சாலையின் தப்பான பக்கத்தில், ஒற்றைக் கையால் ஓட்டிக்கொண்டு, போனைக் காதுக்கும் தலைக்கவசத்துக்கும் இடையில் சொருகிக்கொண்டு. எதிரே வந்த நெல் லாரிக்காரன் அவருடைய ஏழு தலைமுறையையும் இழுத்துத் திட்டிவிட்டுப் போனான். என்னைத் தேட வருகிறவரை நான் ஆஸ்பத்திரியில் போய்த் தேடும்படி ஆகிவிடும் போலிருந்தது. அவருக்கும் ஒரு கும்பிடு.

மூன்றாமவர் பாளையங்கோட்டைப் பள்ளிக்கூடம் ஒன்றில் கணக்கு வாத்தியார். காலையில் வந்ததும் கும்பிடு கூடப் போடாமல் என் வண்டிக்குப் பக்கத்தில் முட்டி போட்டு உட்கார்ந்தார்.

"பின் டயர்ல காத்து கொறச்சல். சங்கிலி லொடலொடங்குது. இதை வச்சுக்கிட்டா வே குஜராத்து?"

எனக்குச் சுருக்கென்றது. ஆனால் அவர் பையைத் திறந்து காட்டினார். பஞ்சர் ஒட்டுகிற சாமான், கிளட்ச் கம்பி, இழுத்துக் கட்டக் கயிறு, பஞ்சு, மருந்து, கட்டுத்துணி. தலைக்கவசத்தின் உள்ளே ரத்த வகையும் வீட்டு நம்பரும் எழுதி ஒட்டியிருந்தார். வண்டி ஓடும்போது போனைத் தொடமாட்டாராம், பைக்குள்தான் கிடக்குமாம். இவர் தேறிவிட வேண்டுமே என்று மனசு அடித்துக்கொண்டது. இவரும் போனால் கட்ச் போச்சு.

பத்தமடை, சேரன்மகாதேவி. ஊர் தாண்டியதும் வழக்கம்போல் ஒதுங்கினேன். அவருடைய மஞ்சள் கோட்டு வளைவில் மறைந்தது. ஒரு டீ குடித்தேன். வரவில்லை. ஒரு வடையும் தின்றேன். வரவில்லை. கட்டுத்துணி வைத்திருந்து என்ன பிரயோஜனம், இந்த வாத்தியாரும் தோசைக் கோஷ்டிதான் என்று ஆத்திரம் ஆத்திரமாக வந்தது. இரண்டாவது டீயைக் கையில் வாங்கியபோது கடைக்காரர் கேட்டார்.

"யாருக்குக் காத்துக்கிட்டு இருக்கிய அண்ணாச்சி? மஞ்சக் கோட்டுக்காரருக்கா? அங்கன வளைவுல வாய்க்காலுக்குத் தடுப்புச்சுவர் கெடையாது, பாத்துக்கிடுங்க."

அந்த மனுஷன் நல்ல எண்ணத்தில்தான் சொன்னார். எனக்கு அந்தக் காப்பித் தோட்டத்து ஓடை ஞாபகம் வந்துவிட்டது. போன் போட்டால் மணி அடித்துக்கொண்டே இருக்கிறது, எடுக்க ஆளில்லை. டீயைப் பாதியில் வைத்துவிட்டு வண்டியைக் கிளப்பினேன்.

வளைவு திரும்பியதும் வாய்க்கால் ஓரம் ஒரே கூட்டம். வண்டியை நிறுத்தி, தலைக்கவசத்தைக் கூடக் கழற்றாமல் கூட்டத்துக்குள் புகுந்தேன். "நவுருங்கய்யா, நம்ம ஆளு, நம்ம ஆளு!" அதே நேரம் கூட்டத்தின் எதிர்ப்பக்கமிருந்து ஒரு மஞ்சள் கோட்டு, கையில் பிரித்த கட்டுத்துணியோடு, "வழி விடுங்கப்பா, எங்க ஆளு!" என்று கத்திக்கொண்டு முட்டி மோதி வந்தது.

இரண்டு பேரும் நடுவில் வந்து சேர்ந்தோம். நடுவில் வெங்காயம். ஒரு சின்ன வேனில் மலிவு விலை வெங்காயம் வந்திருக்கிறது, அதற்குத்தான் அத்தனை கூட்டம்.

"சவத்து மூதி! எங்கவே போய்த் தொலைஞ்சீரு?" என்று வாத்தியார் கத்தினார். பிள்ளைகளை ஒரு வார்த்தை அதட்டிப் பேசமாட்டார் என்று பெயர் எடுத்தவர்.

"நீரு எங்கவே போனீரு? வாய்க்காலுக்குள்ள கிடக்கீருன்னுல்லா ஓடியாரேன்!"

"நான் வாழைத்தோட்டத்துக்குள்ள நின்னேன். என்னைக் காணலைன்னா நீரு தேடுதீரான்னு பாக்க."

"உமக்கென்ன கோட்டியா புடிச்சிருக்கு? ஒரு மனுஷனை இப்படியா பதற வைக்கது?"

"அது சரி, நீரு எங்க நின்னீரு?"

நான் வெங்காயத்தைப் பார்த்தேன். "டீக்கடையில" என்றேன்.

வாத்தியார் கட்டுத்துணியை மெல்லச் சுருட்ட ஆரம்பித்தார். நான் அப்போதுதான் தலைக்கவசத்தைக் கழற்றினேன். வெங்காயக்காரர் பொறுமை இழந்து, "சண்டையை அங்குட்டுப் போயிப் போடுங்கய்யா, வெங்காயம் வேணுமா, வேண்டாமா?" என்றார். ஆளுக்கு ஒரு பை வாங்கிக்கொண்டோம். பாபநாசம் போகவில்லை. திரும்புகிற வழியெல்லாம் அவர் கண்ணாடியில் என்னையும், நான் என் கண்ணாடியில் அவரையும் மாறி மாறி முன்னால் போய்ப் பார்த்துக்கொண்டு, மாட்டுவண்டி வேகத்தில் வந்து சேர்ந்தோம்.

"ஆளைத் தேடப் போயி வெங்காயமா?" என்று மனைவி பையை வாங்கிக்கொண்டாள். நான் உற்சாகமாக ஆரம்பித்தேன். ஆள் கிடைத்துவிட்டார், கட்டுத்துணியைப் பிரித்துக்கொண்டு ஓடி வந்தார், இப்படி ஒரு ஆளை நெல்லைச் சீமையில் தேடினாலும் கிடைக்காது என்று அளந்துகொண்டே போனேன்.

"அது கெடக்கட்டும். நீங்க தேடிப் போனியளா?"

"போகாம? டீயைக் கூடப் பாதியில வச்சிட்டுல்லா ஓடுனேன். செத்தே போயிட்டேன் பயத்துல."

அவள் போனை எடுத்தாள். "அக்கா, உங்க வீட்டுக்காரரை நம்பி அனுப்பலாம். எங்க ஆளு தேடிப் போயிருக்காவ" என்றாள். காலையிலேயே வாத்தியார் வீட்டம்மா கூப்பிட்டு, என்னை நம்பி அவரை அனுப்பலாமா என்று கேட்டிருக்கிறார். சாயங்காலம் சொல்லுகிறேன் என்று இவள் தவணை வாங்கியிருக்கிறாள்.

எனக்குக் கோபம் வரவில்லை. ஒருமாதிரி கூச்சமாக இருந்தது. வழக்கம்போல் சாவியை அவளிடம் நீட்டினேன்.

"உங்ககிட்டயே இருக்கட்டும்" என்று சொல்லிவிட்டு, வெங்காயத்தை எடுத்துக்கொண்டு அடுப்படிக்குப் போனாள்.