லயமே பாஸான சிங்களப் பாடம்

“...வாயே தெறக்கல தம்பி நானு. இந்த மைனா என்னடான்னா, நான் சரளமா சிங்களம் பேசுறேன்னு சொல்லுது!”

லயத்து வரிசை வீடுகளில் என் பக்கத்துக் காம்பராவில் இருக்கும் அக்கா கைபேசியை என் முகத்துக்கு நேராக நீட்டினார். திரையில் ஒரு மைனா இறக்கையைத் தட்டிக்கொண்டிருந்தது. அதன் கீழே ‘வாழ்த்துகள்! நீங்கள் இப்போது சரளமாக உரையாடுகிறீர்கள்’ என்று எழுதியிருந்தது. தண்ணீர் பிடிக்கும் பீலிக்கரையில் குடத்தோடு நின்ற சனமெல்லாம் கைதட்டியது. அக்கா முகத்தில் மட்டும் சிரிப்பு இல்லை.

தோட்டத்துப் பிள்ளைக் காம்பராவில் குழந்தைகளைப் பார்த்துக்கொள்ளும் வேலைக்கு அக்கா மனுப் போட்டிருந்தார். திங்கட்கிழமை ஹட்டனில் நேர்முகம். கேள்வி கேட்கும் அம்மாவுக்குத் தமிழ் வராது. அந்த வேலை கிடைக்காவிட்டால், மகளை இங்கே விட்டுவிட்டுக் கொழும்பில் யாரோ ஒருவர் வீட்டில் பிள்ளை பார்க்கப் போக வேண்டும். “மத்தவங்க புள்ளைய வளக்குறதுதான் தலையெழுத்துன்னா, எம்புள்ள பக்கத்துல இருந்துக்கிட்டே வளக்குறேன்” என்பது அக்காவின் கட்சி. சிங்களம் அவருக்குக் காதால் புரியும். நாக்குதான் புரண்டு கொடுக்காது.

அதற்காகத்தான் என்னிடம் வந்தார். பள்ளிக்கூடம் என்னைச் சீக்கிரமே வழியனுப்பி வைத்துவிட்டது. ரேடியோ திருத்துவதிலிருந்து கேக் அடிப்பது வரை எல்லாம் இணையப் பாடத்தில் பார்த்துக் கற்றதுதான். கேக் மட்டும் இன்னும் கைக்கு அடங்கவில்லை. ஆனாலும் எந்தப் பாடம் தேறும், எது தேறாது என்று சொல்ல எங்கள் லயத்தில் என்னை விட்டால் ஆளில்லை.

என் தராசு ஊருக்குத் தெரிந்த தராசுதான். தேயிலைக் கொழுந்து நிறுக்கும்போது ஈரத்துக்கு ஒரு கழிவு, சாக்குக்கு ஒரு கழிவு, முற்றின இலைக்கு ஒரு கழிவு. இவ்வளவும் போக மிஞ்சுவதுதான் கொழுந்து. பாடத்தையும் அப்படித்தான் நிறுப்பேன்.

முதலில் பார்த்த பாடத்தில் நீலத் திரைக்கு முன்னால் ஒரு தம்பி உட்கார்ந்திருந்தார். வணக்கம் சொன்னார். தன்னைப் பார்ப்பவர்களுக்கு நன்றி சொன்னார். மணியை அழுத்தச் சொன்னார். சிங்களம் எவ்வளவு இனிமையான மொழி என்று தமிழிலேயே உருகினார். பிறகு, அடுத்த காணொளியில் பாடத்தைத் தொடங்குவோம் என்று கும்பிட்டார். ஈரத்தைக் கழித்தேன், சாக்கைக் கழித்தேன். தராசில் ஒன்றுமே இல்லை.

“கூடை கனக்குது, கொழுந்தக் காணோம்” என்றார் அக்கா.

இரண்டாவது பாடத்தில் ஒரு அம்மா வெகு அழகாகச் சொல்லிக் கொடுத்தார். ஆனால் சுற்றுலா வருகிறவர்களுக்கான சிங்களம் அது. கடலைப் பார்த்த அறை வேண்டும், இறால் இன்னும் கொஞ்சம் கொண்டுவாருங்கள், யானைச் சவாரி எத்தனை மணிக்கு. அக்கா பொறுமையாகக் கேட்டுவிட்டு, “ஏன் தம்பி, புள்ளைக்கு வயித்தால போகுதுன்னு நான் சொல்லணும். யானை எத்தன மணிக்குன்னா கேக்கப் போறேன்?” என்றார்.

மூன்றாவதாகக் கிடைத்ததுதான் இந்த மைனா செயலி. படம் காட்டும், கேள்வி கேட்கும், நாம் சொல்லும் பதிலைக் காது கொடுத்துக் கேட்கும். சரியென்றால் ஒரு நட்சத்திரம். தவறென்றால் ‘மீண்டும் முயலுங்கள்’ என்று செந்தமிழில் வருத்தப்படும். பால், சோறு, காய்ச்சல், தடுப்பூசி எல்லாம் அதில் இருந்தன. கழிக்க எனக்கு ஒன்றும் அகப்படவில்லை. இதுதான் கொழுந்து என்று தீர்ப்புச் சொல்லிவிட்டேன்.

சிக்னல்தான் பீலிக்கரையை விட்டால் வேறெங்கும் கிடைக்காது. பீலிக்கரையில் தண்ணீரை விடச் சனம்தான் அதிகம்.

எங்கள் லயத்தில் ஒருவரிடம் கேள்வி கேட்டால் அவர் மட்டும் பதில் சொல்வதென்பது வழக்கத்தில் இல்லை. ஆஸ்பத்திரியில் டாக்டர் ‘எங்கே வலி?’ என்று கேட்டால், கூடப் போனவர்கள் எல்லாரும் சேர்ந்து சொல்வார்கள். நோயாளி வாயைத் திறப்பதற்குள் மருந்து எழுதியாகிவிடும். மைனாவுக்கு இந்த வழக்கம் தெரியாது. அது பால் படத்தைக் காட்டி “இது என்ன?” என்றதும், அக்கா தொண்டையைச் செருமுவதற்குள் மொத்தக் கரையும் “கிரி!” என்றது. நட்சத்திரம் விழுந்தது. குழந்தைக்குப் பால் கொடுக்கச் சொல்லுங்கள் என்றபோது, ஆட்டோவில் பாண் ரொட்டி விற்க வந்த முஸ்லிம் நானா அங்கிருந்தே, “பபாட்ட கிரி தென்ன!” என்று முழங்கினார். சிங்களம் அவருக்குத் தண்ணீர் பட்ட பாடு. மைனா சொக்கிப்போனது. அன்றிலிருந்து பாண் விற்க வருவதும் பாடத்துக்கு வருவதும் நானாவுக்கு ஒரே வேலையாகிவிட்டது. நட்சத்திரங்கள் குவிந்தன. அக்கா கைபேசியைப் பிடித்துக்கொண்டு நின்றார், அவ்வளவுதான்.

அப்படி வந்து சேர்ந்ததுதான் அந்த வாழ்த்து.

“லயமே பாஸாயிருச்சு, நீ மட்டும் என்னாத்துக்குடி மூஞ்சியத் தூக்கி வச்சிக்கிட்டு நிக்கிற?” என்றாள் குடத்தோடு நின்ற ஒருத்தி.

“பயப்புடாதீங்க தங்கச்சி” என்றார் நானா. “திங்கக்கெழம நானும் வாறேன். ஜன்னல் பக்கமா நிண்டு சொல்லித் தாறேன்.”

“அங்க பாண் வாங்கவா கூப்புட்டிருக்காங்க நானா?”

நான் என் தீர்ப்பை விட்டுக்கொடுக்கவில்லை. “அக்கா, நான் நிறுத்துப் பாத்ததுலயே நல்ல பாடம் இதுதாங்க” என்றேன்.

“கொழுந்து நல்ல கொழுந்துதான் தம்பி. யாரு பறிச்சதுன்னு தராசுக்குத் தெரியலையே” என்றார் அக்கா. குரல் இறங்கியிருந்தது. “திங்கக்கெழம அந்தம்மா எம் மொகத்தத்தானே பாக்கும்? நீங்க எல்லாம் எங்க இருப்பீங்க?”

எல்லாரையும் பார்த்துக் கேட்ட ஒரு கேள்விக்கு எங்கள் லயம் வாயை மூடிக்கொண்டு நின்றதை அன்றுதான் பார்த்தேன்.

அக்கா மைனாவின் வாழ்த்தை விரலால் தள்ளிவிட்டு, அதன் முதல் பாடத்தை மறுபடி திறந்தார். “எல்லாரும் குடத்தத் தூக்குங்க. தண்ணி அப்புறம் புடிக்கலாம்” என்றார். நிறையாத குடங்களோடு சனம் முணுமுணுத்துக்கொண்டே மேலேறியது. நானாவின் ஆட்டோவை வளைவு வரைக்கும் விரட்டினார். என்னையும்தான். வளைவில் நின்று திரும்பிப் பார்த்தபோது, துவைக்கிற கல்லில் உட்கார்ந்து, கைபேசியை வாயருகே வைத்து, “கிரி” என்று மெல்லச் சொன்னார். மீண்டும் முயலுங்கள் என்றது மைனா. அக்கா முந்தானையை இடுப்பில் செருகிக்கொண்டு, கொஞ்சம் உரக்க இன்னொரு தரம் சொன்னார்.