கிணற்றுப் பக்கத்துச் சுவர்

சர்வேயர் சங்கிலியை இழுக்கும் சத்தம் கேட்டதும் எனக்கு அப்பாவின் வடக்கயிறு ஞாபகம் வந்தது. தோல்பையைக் கட்டிக் கிணற்றில் தண்ணீர் இறைக்கும் கயிறு; ஈரத்தோல் வாடை அடிக்கும்.

நான் மூன்றாம் வகுப்புப் படித்தபோது, எருமப்பட்டிக்குப் பக்கத்தில், எங்கள் கிணறு பள்ளிக்கூடத்தை ஒட்டியே இருந்தது. கைப்பிடிச் சுவர் கிடையாது. எட்டிப் பார்த்த ஒரு பிள்ளை உள்ளே விழுந்து, நல்லவேளையாகப் பிழைத்தான். வாத்தியார் ஊரைக் கூட்டிப் பேசினார். நடுவில் சுவர் எழுப்ப வீட்டுக்கு ஓர் ஆள் வேலைக்கு வருவது, பிள்ளைகள் தினமும் ஆளுக்கொரு கல் கொண்டுவருவது என்று முடிவானது.

அப்பா மட்டும் நம்பவில்லை.

"இன்னைக்குச் செவுரு வெப்பாங்க. நாளைக்குக் கெணறே பள்ளிக்கூடத்துதும்பாங்க. கல்லு எங்க போவுதுன்னு பாத்துட்டே இரு சாமி" என்றார்.

வாத்தியார் கிணற்றுப் பக்கம் திரும்பினாலே நான் ஓடிப்போய் அப்பாவிடம் சொல்வேன்.

"உங்க மண்ணுல ஒரு கல்லுகூட வெக்க மாட்டனுங்க" என்றார் வாத்தியார். சொன்னபடியே எல்லையிலிருந்து இரண்டு முழம் தள்ளி, பள்ளிக்கூட மண்ணிலேயே சுவரை எழுப்பினார். அப்பா வடக்கயிற்றால் மூன்று தடவை அளந்து பார்த்தார். பிறகு சுவரை ஒட்டிக் கிளுவை நட்டு வேலி வளர்த்து, அந்த இரண்டு முழத்தையும் தோட்டத்தோடு சேர்த்துக்கொண்டார்.

வாத்தியார் ஒன்றும் கேட்கவில்லை. அதன்பின் எந்தப் பிள்ளையும் விழவில்லை.

அந்தச் சுவர் சரிந்துவிட்டதால் இப்போது புதுச் சுவருக்கு அளக்கிறார்கள்.

"ஏனுங்க பெரியவரே, உங்க எல்லை எதுங்க?" என்று சர்வேயர் கேட்டார். நல்ல மனிதராகத்தான் தெரிந்தார். இருந்தாலும் யாரை நம்புவது?

வேலியைக் காட்டினேன்.