ஐஸ் ஹொக்கியில் நாங்கள் எந்தப் பக்கம்

பதுளை பஸ் நிலையத்துக்கு எதிரே ஒரு கொமியூனிகேஷனில் வேலை செய்த காலத்தில்தான் எனக்கு ஐஸ் ஹொக்கிப் பைத்தியம் பிடித்தது. ஐஸ் என்று அதுவரை நான் கண்டதெல்லாம் மீன்காரரின் பெட்டியில் கிடப்பதைத்தான். பைத்தியத்துக்கு அதெல்லாம் தெரியவா போகிறது?

தொலைபேசி, போட்டோக் கொப்பி, பெக்ஸ், மூலையில் இரண்டு கம்ப்யூட்டர். கடை அவ்வளவுதான். இரண்டாயிரமாம் ஆண்டு பிறந்து ஐந்தாறு வருடம் ஆகியிருக்கும். ஒருநாள் ஒரு விளையாட்டு வாத்தியார், யாழ்ப்பாணத்துக்காரர், ஹொக்கி விதிகளை இணையத்தில் எடுத்து அச்சடித்துத் தரச் சொன்னார். நான் எடுத்தது பிள்ளையார் பிடிக்கப் போய்க் குரங்காக முடிந்தது. மறுநாள் அந்தத் தாள்களோடு வந்து நின்றார்.

"என்ன பிள்ளை இது? சப்பாத்துக்குக் கீழை கத்தி பூட்டச் சொல்லிக் கிடக்கு. பெடியளைக் கொல்லவோ?"

நான் கொடுத்தது ஐஸ் ஹொக்கி விதி. சரியானதைத் தேடிக் கொடுத்து அவரை அனுப்பிவிட்டு, அப்படி என்னதான் விளையாட்டு இது என்று பார்க்கப் போனேன். போனவள் திரும்பி வரவில்லை.

இணையத்தில் ஒரு கற்பனை லீக் இருந்தது. உலகத்தில் எங்கெங்கோ இருப்பவர்கள் ஆளுக்கோர் ஆட்டக்காரனை உண்டாக்கி, அவனுக்குப் பெயர் வைத்து, எந்த இடத்தில் நிற்பான், எந்தக் கைப் பழக்கம், எந்த நாடு என்று பதிய வேண்டும். பிறகு வாராவாரம் பயிற்சி. பயிற்சி என்றால் ஓடுவதும் குதிப்பதும் இல்லை. அரட்டைப் பக்கத்தில் எதையாவது எழுதினால் புள்ளி கிடைக்கும். அந்தப் புள்ளியை நம்முடைய ஆட்டக்காரனின் வேகத்துக்கோ பலத்துக்கோ போடலாம். ஆட்டத்தைக் கம்ப்யூட்டரே ஆடிவிடும். காலையில் போய் யார் வென்றார் என்று பார்த்தால் போதும். உடம்பு நோகாமல் வீரராவதற்கு இதைவிட நல்ல வழி கிடையாது.

நாட்டின் பெயரை அழுத்தினால் அந்த நாட்டு ஆட்டக்காரர்கள் எல்லோரும் ஒரே பக்கத்தில் வருவார்கள். கனடாவை அழுத்தினால் பக்கம் முடியவே முடியாது. இலங்கையை அழுத்தினால் ஒரு கை விரல்களுக்குள் அடங்கிவிடும். டொரொண்டோவில் பேக்கரி ஒன்றில் வேலை செய்த யாழ்ப்பாணத்து அண்ணன் ஒருவர், மெல்பர்னில் இருந்த பறங்கியர் ஒருவர், சுவீடனில் படித்துக்கொண்டிருந்த கண்டிச் சிங்களவர் ஒருவர். இலங்கைக்குள் இருந்துகொண்டு இலங்கைக்கு ஆடியவள் நான் ஒருத்திதான்.

இந்தப் பைத்தியத்தை நான் என் மச்சானுக்கும் தொற்ற வைத்தேன். மச்சான் என் தாய்மாமன் மகன். என் வயதுதான். பசாரில் ஓர் இரும்புக் கடையில் வேலை செய்தான். ஒரே தேயிலைத் தோட்டம், ஒரே லயத்து வரிசையில் வீடு, வீடு திரும்புவதும் ஒரே பஸ்ஸில். அவன் கடை மூடிய பிறகு கடைசி பஸ் புறப்படும் வரைக்கும் என் கடைக்கு வந்து உட்கார்ந்திருப்பான். முறை மாப்பிள்ளை ஆயிற்றே, ஊர் சும்மா இருக்குமா? எங்களைச் சோடி சேர்த்துப் பேசியது. பேசிவிட்டுப் போகட்டும். நாங்கள் குனிந்து குனிந்து பேசியது சுவீடன்காரனின் காலில் எத்தனை பலம் என்பதைப் பற்றித்தான்.

மச்சான் பதிந்த அன்று எனக்குக் கடையில் கூட்டம். ஒருவருக்குக் கொப்பி எடுத்துக் கொடுத்துக்கொண்டே எட்டிப் பார்த்தேன். அவன் சட்டைப் பையிலிருந்து பொலித்தீன் உறையை எடுத்து, அதற்குள்ளிருந்த பிறப்புச் சான்றிதழ்க் கொப்பியை விரித்து, கம்ப்யூட்டருக்குப் பக்கத்தில் வைத்திருந்தான். எங்கள் ஆட்கள் அப்படித்தான். எதில் என்ன கேட்டாலும் யோசித்து எழுத மாட்டார்கள், பார்த்து எழுதுவார்கள். ஓர் எழுத்து மாறினாலும் அரசாங்கக் கந்தோரில் திருப்பி அனுப்பிவிடுவார்கள் என்று பட்டுத் தெரிந்தவர்கள். சான்றிதழில் இனம் என்ற இடத்தில் 'இந்தியத் தமிழர்' என்று இருக்கும். என்னுடையதிலும் அதுதான் இருக்கிறது. கூட்டம் குறைந்து நான் போய்ப் பார்த்தபோது மச்சானின் ஆட்டக்காரன் இந்தியனாகிவிட்டிருந்தான்.

"என்னா மச்சான், இந்தியான்னு போட்டுருக்க?"

"சேட்டிபிக்கட்டுல அப்புடித்தானே இருக்கு."

"அது இனம். இங்க கேக்குறது நாடு."

"ரெண்டையும் நாமளா போட்டோம்? எழுதியிருக்கிறதப் பாத்துப் போட்டேன்."

எனக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. மாற்றிவிடலாம் என்று பார்த்தால் வழியில்லை. ஒருமுறை பதிந்த நாடு பதிந்ததுதான். அந்த ஆட்டக்காரனுக்கு ஓய்வு கொடுத்துவிட்டு, புதிதாக ஒருவனை அடியிலிருந்து தொடங்கினால்தான் வேறு நாடு போடலாம். "கெடக்கட்டும் புள்ள, வெளையாட்டுதானே," என்று மச்சான் விட்டுவிட்டான்.

அவன் உண்டாக்கியது ஒரு கோல் காப்பாளன். ஆரம்பத்தில் வருகிறவன் போகிறவன் எல்லாம் அவனுக்குக் கோல் போட்டான். ஆனால் மச்சான் விடாக்கண்டன். அரைகுறை இங்கிலீஷில் இரும்புக் கடைக் கதைகளை எழுதி எழுதியே புள்ளி சேர்த்தான். எந்த ஆணிக்கு எந்தச் சுத்தியல் என்று அவன் எழுதியதைப் படிக்கவே பின்லாந்தில் ஆள் இருந்தது. இரண்டு பருவம் போவதற்குள் லீக்கிலேயே பேர் சொல்லக்கூடிய கோல் காப்பாளனாகிவிட்டான். இந்தியப் பக்கத்தில் அவன் பெயர்தான் முதலில்.

அந்தப் பக்கத்தில் இருந்தவர்கள் எல்லோரும் கனடாவில் பிறந்த பஞ்சாபிப் பிள்ளைகள். நீ இந்தியாவில் எந்த ஊர் என்று கேட்டார்கள். பதுளை என்றான். அது எங்கே இருக்கிறது என்று தேடிப் பார்த்துவிட்டு வந்து, இது இந்தியாவில் இல்லையே என்றார்கள். தான் இந்தியாவைக் கண்ணால் கண்டதில்லை என்று மச்சான் ஒளிக்காமல் எழுதினான். பரவாயில்லை, நாங்களும் கண்டதில்லை என்று பதில் வந்தது. அதிலிருந்து அவர்கள் அவனைத் தலையில் தூக்கி வைத்துக்கொண்டார்கள். மச்சானுக்கு அது எவ்வளவு பெரிய விஷயம் என்று எனக்குத் தெரியும். இரும்புக் கடையில் கிரிக்கெட் நடக்கிற நாளில், அதுவும் இந்தியாவோடு இலங்கை ஆடுகிற நாளில், எல்லோரும் டிவியைப் பார்ப்பதைவிட இவன் முகத்தைத்தான் அதிகம் பார்ப்பார்கள். இலங்கை அடிக்கும்போது கொஞ்சம் பிந்திக் கைதட்டினால் பேச்சு வரும். கொஞ்சம் முந்தித் தட்டினால் நடிக்கிறான் என்பார்கள்.

மூன்றாவது பருவத்தில் யாழ்ப்பாணத்து அண்ணனுக்கு ஓர் ஆசை வந்தது. பருவ முடிவில் நாடுகளுக்கு இடையே ஒரு போட்டி நடக்கும். அதற்கு இலங்கையிலிருந்து அணி போனதே கிடையாது. அண்ணன் அங்கே தெரிந்தவர்களைப் பிடித்து இழுத்து, ஆள் சேர்த்து, ஏறக்குறைய ஓர் அணியைத் தேற்றிவிட்டார். எனக்கு அவரிடமிருந்து செய்தி வந்தது.

"தங்கச்சி, எல்லாம் சரி. கோல் காப்பாளர்தான் இல்லை. அது இல்லாட்டி எங்களைச் சேர்க்க மாட்டினம். உங்கட மச்சானை ஒருக்காக் கேட்டுப் பாருங்கோவன்."

நான் அவரிடம் வெகுநாளாகக் கேட்க நினைத்ததை அன்று கேட்டுவிட்டேன். அங்கே போய் இத்தனை வருடமாகிவிட்டதே, கனடா என்று போட்டிருக்கலாமே, பட்டதெல்லாம் பட்டும் ஏன் இலங்கை என்று போட்டீர்கள் என்றேன்.

"வேற எங்கை போடுறது தங்கச்சி? பிறந்தது அங்கைதானே," என்று எழுதினார்.

அடித்து விரட்டப்பட்டவர் இலங்கை என்று போட்டிருக்கிறார். ஒருநாளும் இந்த மலையை விட்டு இறங்காதவன் இந்தியா என்று போட்டுக்கொண்டு உட்கார்ந்திருக்கிறான். அந்த அணி போக வேண்டும் என்று எனக்கு அன்றுதான் வெறி வந்தது. மச்சானிடம் சொன்னேன். அவன் முகம் சுருங்கிவிட்டது.

"ரெண்டு வருஷம் வளத்தது புள்ள. அவன அப்புடியே தூக்கி எறிஞ்சிட்டுப் புதுசா ஒரு நோஞ்சான வச்சி ஆடச் சொல்றியா?"

"ஆள் இருந்தாத்தான் சேப்பாங்க."

"அங்க என்னைய மதிக்கிறாங்க," என்றான். அவன் சொன்னது உண்மை.

ஆனாலும் நான் சும்மா விடுகிற சாதி இல்லை. ஞாயிற்றுக்கிழமை மாமா வீட்டில் தேத்தண்ணி குடிக்கும்போது போட்டுக்கொடுத்துவிட்டேன். மாமா முதலில், "ஐஸ் மேலயா ஆடுறான்? வழுக்கி விழுந்து இடுப்ப ஒடச்சிக்கப் போறான்," என்று பதறினார். அப்படியில்லை, எல்லாம் கம்ப்யூட்டருக்குள்தான் என்று விளங்கப்படுத்தி, கதையை முழுக்கச் சொன்னேன். இந்தியா என்ற சொல் வந்ததும் மாமா தேத்தண்ணிக் கோப்பையைக் கீழே வைத்துவிட்டார்.

மாமாவின் கதையை இங்கே சொல்லியாக வேண்டும். நாடு சுதந்திரமடைந்த கையோடு தோட்டத்து ஆட்களின் பிரஜாவுரிமையைப் பறித்துவிட்டார்கள்; வேண்டுமென்றால் மனுப்போட்டுப் பதிய வேண்டும். என் அப்பா எப்படியோ அலைந்து இலங்கைப் பிரஜையாகப் பதிந்துகொண்டவர். மாமா பதியப் போன போதெல்லாம் அது இல்லை, இது இல்லை என்று திருப்பி அனுப்பப்பட்டவர். இரண்டு நாடும் எங்கள் ஆட்களைப் பங்கு போட்டுக்கொண்டபோது அவருடைய அண்ணன் குடும்பத்துக்கு இந்தியாவுக்குப் போகச் சீட்டு வந்தது. பதுளை ஸ்டேஷனில் கட்டிப்பிடித்து அழுது ரயிலேற்றிவிட்டு வந்தவர்தான், பிறகு அவர்களைக் காணவே இல்லை. மாமா எந்த நாட்டுக்கும் இல்லாமல் இங்கேயே தேயிலை மலையில் மண் வெட்டினார். கல்யாணம் முடித்தார், பிள்ளை பெற்றார், தலை நரைத்தது. எங்கள் ஆட்களுக்குப் பிரஜாவுரிமை கொடுக்கும் புதுச் சட்டம் வந்த பிறகுதான் அவர் கைக்கு ஒரு பத்திரம் கிடைத்தது. அதை வாங்குவதற்கும் தோட்டத் துரையின் கடிதம், கிராம சேவகரின் கையெழுத்து, பிரதேச செயலகம் என்று செருப்புத் தேய நடந்தார். மச்சானுக்கு அடையாள அட்டையே அதற்குப் பிறகுதான் வந்தது.

"எவன்டா ஒன்னைய இந்தியான்னு போடச் சொன்னது?" என்றார் மாமா.

"சேட்டிபிக்கட்டுல இருந்துச்சுப்பா. சும்மா வெளையாட்டுதானே."

"அவனுங்க எழுதுனது பத்தாதாடா? நீயா வேற எழுதிக்குவியா?"

அன்று முழுக்க மகனிடம் முகம் கொடுக்கவில்லை. கொளுத்திப் போட்ட நானே பயந்துவிட்டேன்.

இரண்டு மூன்று நாள் மச்சான் என் கடைக்கு வராமல் நேராகப் போய் பஸ்ஸில் ஏறிக்கொண்டான். பிறகு ஒரு சாயங்காலம் கடைக்கு வந்து நேராகக் கம்ப்யூட்டரின் முன்னால் உட்கார்ந்தான். பஞ்சாபிப் பிள்ளைகளுக்கு ஒரு நீண்ட செய்தி எழுதினான். இங்கிலீஷ் பிழையைத் திருத்தித் தரவா என்று கேட்டேன். வேண்டாம், அவர்களுக்கு விளங்கும் என்றான். அவர்களுக்கு விளங்கத்தான் செய்தது. போய் வா தம்பி, எதிரே வந்து நின்றால் கோல் போடாமல் விடமாட்டோம் என்று பதில் வந்தது. மச்சான் சிரித்தான். சிரித்துக்கொண்டே அந்தக் கோல் காப்பாளனுக்கு ஓய்வு கொடுத்தான். பெயர் மங்கிப் பழைய ஆட்டக்காரர்கள் பக்கத்துக்குப் போய்விட்டது. நான் முகத்தைத் திருப்பிக் கண்ணைத் துடைத்துக்கொண்டேன். ஒரு பொய் ஆளுக்காக அழுகிறாளே என்று நீங்கள் நினைத்தால் நினைத்துக்கொள்ளுங்கள்.

புதிய ஆளைப் பதியத் தொடங்கினான். பொலித்தீன் உறையை எடுக்கவில்லை. பெயர், இடம், கைப் பழக்கம் எல்லாம் போட்டான். நாடு என்று வந்ததும் நீண்ட வரிசையில் கீழே, கீழே, இன்னும் கீழே இறங்கிப் போய் இலங்கையைப் பிடித்து அழுத்தினான். பதிவு முடிந்துவிட்டது என்று திரையில் வந்தது. அவன் கையை எடுக்காமல் என்னைத் திரும்பிப் பார்த்தான்.

"யாராவது கையெழுத்து வைக்கணுமா புள்ள?"

"வேணாம்."

"ஒண்ணும் அனுப்பத் தேவல்லியா?"

"ஒண்ணும் தேவல்ல மச்சான்."

"அவ்வளவுதானா?" என்றான். பிறகு யாரிடமோ சொல்வது போலச் சொன்னான். "எங்கப்பாவுக்குப் பாதி ஆயுசு போயிருச்சு."

அணியைச் சேர்த்துக்கொண்டார்கள். முதல் ஆட்டமே இந்தியாவோடு விழுந்தது. காலையில் வேலைக்கு வந்ததும் நான்தான் முடிவைப் பார்த்தேன். பதினாலு கோல். எங்கள் நோஞ்சான் கோல் காப்பாளன் ஒன்றைக்கூட விடாமல் வாங்கியிருந்தான். நாங்கள் போட்டது ஒன்றே ஒன்று, அதுவும் சுவீடனில் இருந்த கண்டிக்காரர் புண்ணியத்தில். யாழ்ப்பாணத்து அண்ணன், பரவாயில்லைத் தங்கச்சி, எங்கட பேர் வந்திட்டுதுதானே என்று எழுதியிருந்தார். சாயங்காலம் மச்சானிடம் காட்டினேன். பஸ்ஸில் தோட்டம் வரைக்கும் இரண்டு பேரும் சொல்லிச் சொல்லிச் சிரித்தோம்.

சிரித்துக்கொண்டேதான் மாமா வீட்டுக்குள் போனோம். மாமா அடுப்படியில் உட்கார்ந்து சாப்பிட்டுக்கொண்டிருந்தார். என்னவென்று கேட்டார்.

"இந்தியாக்காரனுங்ககிட்ட பதினாலு கோல் வாங்கிட்டேன்பா," என்றான் மச்சான். சிரிப்பில் அவனுக்கு மூச்சு வாங்கியது.

மாமா சிரிக்கவில்லை. சோற்றுக் கையை அப்படியே வைத்துக்கொண்டு அவனை ஏறிட்டுப் பார்த்தார்.

"நம்ம நாடு தோத்துருக்கு. நீ என்னடா சிரிக்கிற?"