என் கிட்னியும் தம்பியின் காய்ச்சலும்

என் கிட்னி ஒன்று தம்பியின் வயிற்றுக்குள் இருக்கிறது. தியாகம், தெய்வம் என்று எங்கள் ஊர் வலங்கைமானில் யாராவது ஆரம்பித்தால் எனக்குப் பற்றிக்கொண்டு வரும். கொடுத்தது நான், காப்பாற்ற வேண்டியவன் அவன். அதைத்தான் செய்யமாட்டான்.

புதுக் கிட்னியை உடம்பு தள்ளிவிடாமல் இருக்கத் தினமும் மாத்திரை சாப்பிடுகிறான். அது எதிர்ப்புச் சக்தியை அடக்கிவிடும். லேசாகக் காய்ச்சல் வந்தாலும் நேரே தஞ்சாவூருக்கு வாருங்கள், நீங்களாக எதையும் விழுங்காதீர்கள் என்று டாக்டர் படித்துப் படித்துச் சொல்லியிருந்தார்.

சம்பா நடவின்போது தம்பிக்குக் காய்ச்சல் வந்தது. துரை வயலை விட்டு வரமாட்டாராம். மெடிக்கல் ஷாப்பில் ரெண்டு நாளைக்கு மாத்திரை வாங்கி விழுங்கியிருக்கிறார். மூன்றாம் நாள் நடுங்கிக்கொண்டு என் வாசலில் நின்றார். காரில் தூக்கிப்போட்டுக்கொண்டு போனேன்.

"என்ன மாத்திரை சாப்பிட்டீங்க?" என்றார் டாக்டர்.

"மஞ்சள் ஒண்ணு, வெள்ளை ஒண்ணு சார்."

"சேலை எடுக்கவாடா வந்திருக்கோம்?" என்றேன். டாக்டர் சிரிப்பை அடக்கிக்கொண்டார்.

கடைக்காரரைப் போனில் பிடித்து, நாலு வார்த்தை கேட்டுப் பெயரை வாங்கினேன். மஞ்சள், ஆன்டிபயாடிக்.

"அரைகுறையாப் போட்டதுல கிருமி சாகலம்மா. இப்ப டெஸ்ட்ல மாட்டுமான்னும் தெரியல. கிட்னிக்கும் அடி விழுந்திருக்கும் போல" என்றார் டாக்டர்.

"தேறுமா சார்?"

"பார்ப்போம்."

தம்பி என் முகத்தைப் பார்க்கவில்லை.

முதலில் ரத்தமும் சிறுநீரும் எடுத்தார்கள். அப்புறம்தான் எல்லாக் கிருமிக்கும் கேட்கிற பெரிய மருந்தாகப் பார்த்து ஊசி ஏற்றினார்கள். நல்லவேளை, சிறுநீரில் கிருமி மாட்டியது. அதைப் பார்த்ததும் டாக்டர் ஊசியை நிறுத்திச் சின்ன மாத்திரைக்கு மாற்றினார். தம்பிக்கு ரோஷம்.

"நல்ல மருந்தை ஏன் சார் நிறுத்துறீங்க?"

"இந்தக் கிருமிக்கு இதுவே போதும். கிருமிங்களுக்குப் பெரிசை இப்பவே பழக்கிட்டா, நாளைக்கு எதைக் குடுக்கிறது? ஆனா சொன்ன நாள் வரைக்கும் ஒரு வேளை விடக்கூடாது."

ஒன்பதாம் நாள் கிட்னி பழைய கணக்குக்கு வந்துவிட்டது என்றார்கள். வராண்டாவுக்குப் போய்க் கொஞ்சம் அழுதேன். திரும்பி வந்து மறுபடி திட்டினேன்.

இப்போது துரை தும்மினாலும் போன் செய்கிறார். நேற்றும் செய்தார்.

"அக்கா, மூக்கு ஒழுகுது."

"தொடைச்சுக்கடா. அதுக்கும் நான் வரணுமா?"

போனை வைக்கப்போனவள் நிறுத்தி, தெர்மாமீட்டர் எவ்வளவு காட்டுகிறது என்று கேட்டேன்.