அரசன் கையெழுத்து வைத்த கடதாசி

என் அம்மாவுக்கு நான் வாத்தியாராக இருந்தது மொத்தம் ஏழு கிழமை, இரண்டு மாதம்கூட இல்லை. எனக்கு அப்போது பத்து வயது. அந்த ஏழு கிழமையும் அவரை நான் படுத்திய பாட்டை நினைத்தால், இன்று என் பிள்ளைகள் எனக்குத் தருகிற மரியாதை கூடிப்போய்விட்டது என்றே சொல்வேன்.

விஷயம் சிற்றிசன் சோதினை, குடியுரிமைக்கு எழுதுகிற சோதினை. பிரெஞ்சு பேசுகிற ஒரு பெருநகரத்தில், செயின்ட்-மிஷேல் பகுதியில் மூன்றாம் மாடியில் இருந்தோம். அப்பா பழைய மெல்லிய புத்தகத்தைப் படித்து எப்போதோ பாஸாகிவிட்டார். அம்மா தையல் பக்டரியும் வீடுமாகத் தள்ளிப்போட்டு, புத்தகம் தடித்துப்போன காலத்தில் வந்து மாட்டிக்கொண்டார். அவருக்குப் பாஸ்போட் அவசரம். அவருடைய தம்பியை மன்னார்ப் பக்கம் ஒரு சோதனைச் சாவடியில் பஸ்ஸால் இறக்கி, விசாரித்துவிட்டு விடுகிறோம் என்று கூட்டிப்போனவர்கள் விடவேயில்லை. அகதிப் பத்திரத்தை வைத்துக்கொண்டு அங்கே திரும்பிப்போய்த் தேட முடியாது. இதெல்லாம் எனக்குச் சொல்லப்பட்டது பதினேழு வயதில். பத்து வயதில் எனக்குத் தெரிந்தது, பாஸ்போட் வந்தால் அம்மா ஓரிடம் போவார் என்பது மட்டும்தான். அந்த இடம் ஃப்ளோரிடா என்றும், என்னையும் கூட்டிப்போவார் என்றும் நானே முடிவு கட்டியிருந்தேன்.

எங்கள் வீட்டில் எதையும் பாடமாக்க ஒரே வழிதான். பின்னேரம் செபமாலை முடிந்ததும் எழும்பாமல் புத்தகத்தைத் திறப்போம். செபத்தில் ஒருவர் முதற்பாதியைச் சொல்ல மற்றவர் மிச்சத்தைச் சொல்வதுபோல, நான் கேள்வியைச் சொல்ல அம்மா விடையைச் சொல்வார். மூன்றாம் கிழமையே மாகாணம், பிரதமர், கொடி எல்லாம் தடங்கலில்லாமல் வந்தன. அப்பா வேலையால் வந்து, சப்பாத்தும் கழற்றாமல் நின்று கேட்டுவிட்டு, "கொம்மா பரிஸ்டர்தான்" என்றார். எனக்குத் தலைகால் தெரியாத பெருமை.

ஒரே ஓர் இடத்தில் மட்டும் அம்மா நகர மாட்டேன் என்று நின்றார். மாக்னா கார்ட்டா. எண்ணூறு வருடத்துக்கு முந்திய உரிமைப் பத்திரம் என்று புத்தகத்தில் ஒரு வரி. அதற்குள் என்ன எழுதியிருக்கிறது என்று அம்மாவுக்குத் தெரிய வேண்டுமாம். பள்ளிக்கூடத்தில் எங்கள் வகுப்பு மதாமைக் கேட்டேன். அது பெரிய வகுப்பில் வரும் என்றார். பிறகு நான் அந்தப் பெரிய வகுப்புக்கும் போனேன். பக்க ஓரத்தில் ஒரு பெட்டிக்குள் நாலு வரி இருந்தது. பரீட்சைக்கு வராது, தாண்டுங்கள் என்றார் அந்த ஆசிரியர். இங்கே பிறந்தவர்களிடம் இந்த நாடு ஒன்றும் கேட்பதில்லை. என்னிடம் இன்றுவரை ஒருவரும் கேட்டதில்லை.

வேறு வழியில்லாமல் நூலகத்தில் ஒரு சிறுவர் புத்தகத்தைப் பிடித்துக்கொண்டு வந்து வாசித்துக் காட்டினேன். சட்டப்படி விசாரிக்காமல் ஒரு சுதந்திர மனிதனையும் பிடித்து அடைக்கக் கூடாது, பிடிக்கிறவன் அரசனானாலும் சரி.

"அரசன் கையெழுத்து வைச்சவனோ?"

"ஓம் அம்மா."

"பேந்து அதின்படி நடந்தவனோ?"

பக்கத்தைப் புரட்டினேன். "இல்லையாம். கொஞ்ச நாளிலை மாட்டன் எண்டிட்டானாம்."

அம்மா யோசித்துக்கொண்டே இருந்தார். எனக்குப் பொறுமை போய்விட்டது. இது சோதினையில் வராது என்று அந்த வரியைப் பென்சிலால் வெட்டிவிட்டு அடுத்த கேள்விக்குப் போனேன்.

சோதினையில் அம்மா தவறிவிட்டார். கேள்விகள் எங்கள் வரிசையில் இல்லை, கண்டபடி கலைந்து கிடந்தன. ஒவ்வொரு விடைக்கும் அம்மா மனதுக்குள் முதற் கேள்வியில் தொடங்கிச் சொல்லிக்கொண்டே வர வேண்டியிருந்ததாம். பாதித் தாளில் நேரம் முடிந்துவிட்டது. நான் ஃப்ளோரிடாவை நினைத்து அழுதுகொண்டு, "உங்களுக்கு மண்டையிலை ஒண்டுமில்லை" என்று கத்தினேன். இப்போதும் வெட்கமாக இருக்கிறது.

தவறியவர்களை நீதிபதி நேரில் கூப்பிட்டுக் கேட்பார். எங்கள் முறை வந்த அன்று பள்ளிக்கூடம் இல்லை. அம்மாவோடு நானும் போனேன். வயதான பெண் நீதிபதி, வாய் திறக்கக் கூடாது என்று சொல்லி என்னை மூலையில் இருத்தினார். அம்மா சிலதற்குச் சொன்னார், சிலதற்கு விழித்தார். பாஸா இல்லையா என்று ஒருவருக்கும் தெரியாத ஓரிடத்தில், நீதிபதி தாளை ஒதுக்கிவிட்டு, இந்தப் புத்தகத்தில் உங்களுக்கு முக்கியமாகப் பட்டது எது என்று கேட்டார்.

அம்மா தன் உடைந்த பிரெஞ்சில், அரசனின் கடதாசி என்றார். ஏன் என்று கேட்டதற்கு, "அரசன் என் தம்பியைக் கொண்டுபோனால், எங்கே என்று நான் போய்க் கேட்கலாம்" என்றார்.

நான் வெட்டிய வரி! எனக்குப் பொறுக்கவில்லை. "மதாம், அந்த அரசன் பேச்சு மாறிவிட்டான்" என்று மூலையிலிருந்து கத்திவிட்டேன்.

அம்மா என் பக்கம் திரும்பித் தமிழில், "தெரியும் பிள்ளை. எண்டாலும் கேக்கிறதுக்கு ஒரு கடதாசி வேணுமெல்லோ" என்றார்.

நீதிபதிக்கு அது விளங்கியிருக்காது. ஆனால் அதற்குமேல் அவர் ஒன்றும் கேட்கவில்லை. பேனாவை எடுத்துக் கையெழுத்து வைத்தார்.

மெட்ரோவுக்கு நடந்தோம். நல்ல குளிர். நான் ஒரே துள்ளல். அம்மாவின் கெட்டித்தனம் எனக்கு அப்போதுதான் பிடிபட்டிருந்தது. கணக்குப் புத்தகத்தில் அப்பிள் வாங்கக் கடைக்குப் போகிறவர்கள் உண்மையில் இல்லாதவர்கள். அப்படி, நீதிபதிக்கு விளங்கட்டும் என்று அம்மாவும் ஒரு தம்பியை உண்டாக்கிவிட்டார் என்று நினைத்தேன். வாத்தியார் அல்லவா, பாராட்ட வேண்டியது என் கடமை.

"தம்பி எண்டு சொன்னது நல்ல உதாரணம் அம்மா. ஒரு பேரும் வைச்சுச் சொல்லியிருந்தால் இன்னும் நல்லா இருந்திருக்கும்."

அம்மா நின்று, என் தொப்பியைக் காதுவரை இழுத்துவிட்டார்.

"பேர் இருக்கு பிள்ளை" என்றார்.

என்ன பேர் என்று நான் கேட்கவில்லை.