ஜமீலா அக்காவின் ப்ளூபெர்ரிச் செடி

பூந்தமல்லி பஸ் ஸ்டாண்டுக்கு எதிரே பத்தொன்பது வருடமாகப் பழவண்டி போடுகிறவர் ஜமீலா அக்கா. பக்கத்தில் செல்போன் கவர் விற்கிறவன் நான். யார் எந்தப் பழம் கேட்டாலும் 'இல்லை' என்று சொல்ல அக்காவுக்கு வாய் வராது. "நாளைக்கு வாம்மா, எடுத்தாந்து வெக்கிறேன்" என்பார். வைத்தும்விடுவார்.

அந்தப் பெருமையைக் கெடுத்தது ப்ளூபெர்ரி. புது அடுக்குமாடியில் குடியிருக்கும் ஸ்வாதி மேடம் வாராவாரம் அதைக் கேட்டார். கோயம்பேட்டில் டப்பா விலையைக் கேட்ட அக்கா வெறுங்கையோடு திரும்பினார்.

"நானே வளக்கறேன் பாரு."

"எக்கா, அது குளிர்ல வர்ற செடி. நம்ம வெயிலுக்கு நாமளே வாடிக்கினு கீறோம்."

"நீகூடத்தான் தேற மாட்டேன்னாங்க. கவர் விக்கல?"

நசரத்பேட்டை நர்சரியில் ஒரு செடி வாங்கி வண்டியோரம் தொட்டியில் வைத்தார். 'இதுக்குப் புளிப்பு மண்ணு வேணும்' என்று நர்சரிக்காரர் சொல்லி அனுப்பினாராம். பழக்காரிக்குப் புளிப்புக்கா பஞ்சம்? மீந்த எலுமிச்சம்பழங்களையெல்லாம் தினமும் தொட்டியில் பிழிந்தார். பதினைந்தாம் நாள் செடி வெறும் குச்சி. ஊறுகாயாவது போட்டிருக்கலாம் என்றேன். அக்கா சிரிக்கவில்லை. தொட்டியைக் கவிழ்த்துவிட்டு மறுபடி நசரத்பேட்டைக்குப் பஸ் ஏறினார்.

இந்த முறை ஒரு மணி நேரம் நின்று எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டு புதுச் செடியோடு வந்தார். தேங்காய் நார்த்தூள், ஒரு சிட்டிகை கந்தகத்தூள். உப்பான போர்வெல் தண்ணீர் மட்டும் ஆகாது. அதனால் பக்கத்து ஏ.டி.எம். ஏசியிலிருந்து சொட்டும் தண்ணீரைக் கேனில் பிடித்துச் சுமந்து வந்தார். கோடையில் வண்டிக் குடை செடிக்கு, வெயில் அக்காவுக்கு.

ஆடி மாதம் எனக்குக் கை அரித்தது. நாலு நாவல் பழத்தைக் கறுப்பு நூலால் செடியில் கட்டிவிட்டேன். காலையில் அதைப் பார்த்ததும் அக்கா வாயைப் பொத்திக்கொண்டார். கண் கலங்கிவிட்டது. அந்த முகத்தை நான் பார்த்திருக்கவே கூடாது.

கிட்டே போய்த் தொட்டார். நூலைக் கண்டார்.

"டேய் கிஷோரு, கட்டுனதுதான் கட்டுன, நல்ல பழமா கட்டக் கூடாது? இது முந்தாநேத்து சரக்குடா."

அவ்வளவுதான். மறுநாளிலிருந்து அக்கா தண்ணீர் பிடிக்கப் போவதற்குள் ஏசி கேன் நிரம்பி வண்டிக்கடியில் இருந்தது. யார் வைத்தது என்று அவர் கேட்கவில்லை.

அடுத்த சித்திரையில் பதினோரு பழம். ஸ்வாதி மேடம் கேட்பதையே விட்டிருந்தார். அக்காதான் கூப்பிட்டார்.

"ஏம்மா, ப்ளூபெர்ரி கேட்டியே, கீது."

மேடம் ஒன்றை வாயில் போட்டார். "கொஞ்சம் புளிக்குதேக்கா?"

"புளிக்காம? எத்தினி எலுமிச்சம்பழம் ஊத்திக்கீறேன்!"

எலுமிச்சை குடித்தது செத்துப்போன செடி.

அன்றைக்கு வண்டிக்கு வந்தவர்களுக்கெல்லாம் ஆளுக்கொன்று கொடுத்துத் தீர்த்தார். கடைசிப் பழத்தை என் உள்ளங்கையில் வைத்தார்.

"துன்னு. இதுல நூலு இல்ல."